காத்து கருப்பு

எங்கள் கட்டடத்தின் மாடிப்படித் திருப்பத்தில் ஒரு நோட்டீஸ் பலகை உண்டு. தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும், எலி மருந்து என்றைக்கு வைக்கிறார்கள், கணபதிக்கு யார் யாருக்கு என்ன வேலை என்று எல்லாம் மராத்தியில் ஒட்டியிருப்பார்கள். யாரும் நின்று படிப்பதில்லை. இந்த ஊரில் நிற்க யாருக்கு நேரம்? அக்கா மட்டும் படிப்பாள். கையில் காய்கறிப் பையோடு, தலையைச் சாய்த்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். அடுத்த திருப்பத்தில் கரண்ட் மீட்டர் பெட்டிகள். அதையும் ஒவ்வொன்றாக உற்றுப் பார்ப்பாள்.

நல்ல பொறுப்பான பொம்பளை என்று நினைத்துக்கொண்டேன். குடிவந்து நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவளுக்கு மராத்தியில் ஓர் எழுத்துகூட வாசிக்க வராது. தமிழே எழுத்துக் கூட்டித்தான். மூச்சு வாங்க நின்றிருக்கிறாள். அதை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்றுதான் இவ்வளவு படிப்பும்.

அக்காவுக்கு ஒரு பெயர் இருந்தது. யாரும் கூப்பிட்டதில்லை. தமிழ்க்காரர்களுக்கு வெள்ளத்துணி அக்கா, மற்றவர்களுக்குக் கப்டாவாலி ஆன்ட்டி. நான் வெறும் அக்கா என்பேன். எங்கள் வீடும் அவள் வீடும் இரண்டாவது மாடியில் எதிரும் புதிரும். செம்பூரிலிருந்து வடாலா போகிற பக்கம் எங்கள் கட்டடம். முன்னால் லாரி ரோடு, அதற்கு மேலே மோனோரயில், பின்னால் சாக்கடை, சாக்கடை தாண்டினால் குடோன்கள். இந்த இடத்தில் எல்லாரும் இருமுவார்கள். இருமாதவனைப் பார்த்தால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும்.

துணி விஷயத்துக்கு வருகிறேன். காலையில் தண்ணீர் பிடித்து முடித்த கையோடு, வீடுகளுக்கு முன்னால் ஓடுகிற பொது நடையான கேலரியின் கடைசியில் இருக்கும் ஜன்னல் திட்டை அக்கா ஒரு வெள்ளைத் துணியால் துடைப்பாள். வீட்டுக்காரரின் பழைய வேட்டியில் கைக்குட்டை அளவுக்குக் கிழித்த துண்டு. ஒரு முழம் இடம் மட்டும்தான். மிச்சத் திட்டு எக்கேடு கெட்டாலும் அவளுக்குக் கவலை இல்லை. துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு விரலால் உரசிப் பார்த்து, பிறகு தீர்ப்புச் சொல்வாள்.

"இன்னைக்குக் கருப்பு ஜாஸ்தி."

எனக்கு வாய் நீளம். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது. "யக்கா, தொடைக்கிறதுதான் தொடைக்கீங்க, முழுசாத் தொடைச்சா கை தேஞ்சா போயிரும்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"சுத்தம் பண்ணவா தொடைக்கேன்? கண்டுபிடிக்கத்தாம்ட்டி தொடைக்கேன்."

"என்னத்த?"

"நேத்து நான் என்னத்த உள்ள இழுத்தேன்னு."

மூச்சு பத்தாத ஆள் என்பதால் அக்காவின் பேச்சு எல்லாம் அப்படித்தான், நாலு சொல்லில் முடிந்துவிடும்.

பிறகு அவளே எனக்குச் சொல்லித் தந்தாள். நான் கேட்கவில்லை. காலையில் மாட்டுங்காவுக்கு வேலைக்கு ஓடுகிறவளைப் பிடித்து நிறுத்தி, துணியை மூக்குக்கு நேராக நீட்டினால் பார்க்காமல் எங்கே போவது? அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் புக்கிங் எழுதுகிற வேலை எனக்கு. கையில் டிபன், தோளில் பை, எதிரே அக்காவின் துணி. செம்மண் நிறமாக வந்தால் எங்கேயோ பழைய கட்டடத்தை இடிக்கிறான். வெளிறின சாம்பல் என்றால் குப்பை எரித்திருக்கிறான். பிசுபிசுவென்று கன்னங்கரேலென்று வந்தால் டீசல்.

"சாம்பலையும் டீசலையும் குழப்பிக்கிடாத. சாம்பல்னா கைல ஒட்டுனாலும் வெறும் தண்ணிக்குப் போயிரும். டீசல் கரி போவாது. சோப்புப் போட்டுத் தேய்க்கணும்."

"இதத் தெரிஞ்சு நான் என்னக்கா செய்யப் போறேன்? எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

"போ, போ. தெரிஞ்சு வச்சுக்க."

இந்தத் துணியைக் கட்டடத்தில் எல்லாருக்கும் காட்டுவாள். பால்காரன், தபால்காரர், மேல்மாடி மராத்திக்கார அம்மா, கொசு மருந்து அடிக்க வருகிறவன், யாரையும் விட்டதில்லை. ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் காட்டமாட்டாள். அண்ணாச்சிக்கு. அவர் படியேறும் சத்தம் கேட்டால் துணி சட்டென்று இடுப்புக்குள் போய்விடும். மூச்சு இழுப்புக்கு அவள் வாயில் வைத்து அடிக்கிற மருந்துப் பம்பும் அதே இடுப்புக்குள்தான்.

அண்ணாச்சி என்று நான் சொல்வது அவள் வீட்டுக்காரரை. ஆறு சக்கர லாரி ஒன்று வைத்திருந்தார். அவரே முதலாளி, அவரே டிரைவர். துறைமுகத்திலிருந்து குடோன்களுக்கு மூட்டை அடிப்பார். வேறெங்காவது நிறுத்தினால் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று வண்டியை எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழேதான் போடுவார். காலை ஐந்தரைக்கு ஸ்டார்ட் செய்து, கால்மணி நேரம் நின்ற இடத்திலேயே உறுமவிட்டு வைப்பார். பழைய வண்டி, பிரேக்குக்குக் காத்து ஏற வேண்டும், ஏறினால்தான் நகரும். கீழே லாரிக்குக் காத்து ஏறிக்கொண்டிருக்கும்போது மேலே அக்கா தலையணை மூன்றை முதுகுக்குக் கொடுத்து, பீரோவில் சாய்ந்து, உட்கார்ந்தபடி தன் காத்தைத் தேடிக்கொண்டிருப்பாள். அவள் படுத்துத் தூங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது.

"யக்கா, அண்ணாச்சிகிட்டச் சொல்லி வண்டியத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்களேன்" என்றேன் ஒருதடவை.

"சொன்னா தள்ளி நிறுத்தமாட்டாக. வித்துருவாக."

"வித்தா என்ன?"

"அவுகளுக்கு வேற என்ன தெரியும்? ஸ்டீரிங்கு பிடிக்காட்டி அந்த மனுசனுக்குக் கை ரெண்டையும் எங்க வைக்கன்னே தெரியாது. மகளும் ஊர்ல இப்பத்தான் நர்சிங்ல சேந்துருக்கா." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இரு, என்ன?"

சும்மா இருந்தேன். எவ்வளவு நாள் இருந்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு கூத்து நடந்தது. அக்கா ஒருநாள் ஊரிலிருக்கும் தன் நாத்தனாரோடு போனில் பேசியிருக்கிறாள். இருக்கிற நிலைமையை உள்ளபடி சொன்னாள். "மதினி, இங்க காத்து ஒரே கருப்பு. நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்கிடுது. படுக்கவே விடமாட்டேங்கு."

சங்கரன்கோவில் பக்கத்து மனுஷிக்கு இந்த மூன்று வாக்கியத்தைச் சொன்னால் அவளுக்கு என்ன புரியும்? காத்து கருப்பு அடித்திருக்கிறது என்றுதான் புரியும். அந்த அம்மா உடனே தம்பிக்கு போன். தம்பி என்றால் நம் அண்ணாச்சி. அவர் பதறிப்போய் தாராவியில் விசாரித்து, அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் பேயோட்டுகிற ஒரு கோடாங்கியை லாரியிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

எனக்கு அன்றைக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தேன். உடுக்கைச் சத்தம் கேட்டு எழுந்தேன். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது, இடுக்கெல்லாம் புகை. கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஜன்னலையும் சாத்திவிட்டு, சட்டி நிறைய கங்கில் சாம்பிராணி, குங்கிலியம், போதாததற்கு வரமிளகாய். அடப்பாவிகளா! மூச்சு முட்டுகிறவளை உட்கார வைத்துப் புகை போடுகிறார்கள்! அக்கா கண் பிதுங்கி, தோள் இரண்டும் தூக்கித் தூக்கி அடிக்க, ஈ என்று இழுக்கிறாள். கோடாங்கிக்கு ஒரே உற்சாகம். "வருது, வருது! யார் நீ? சொல்லு! எங்கேருந்து வந்தே?"

அக்கா அந்த இழுப்பிலும் என்னவோ சொன்னாள். கதவுக்கு வெளியே எனக்கே கேட்டது.

"லாரி... லாரி..."

"கேட்டீங்களாய்யா? லாரில அடிபட்டுச் செத்த ஆவி!" என்றான் அந்த ஆள்.

நான் கதவை உதைத்தேன். காய்ச்சல் உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ! உள்ளே போய்க் குடத்துத் தண்ணீரை எடுத்துச் சட்டியோடு சேர்த்துக் கோடாங்கியின் மேலும் ஊற்றினேன். ஜன்னலைத் திறந்து, இடுப்பிலிருந்த பம்பை எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தினேன். அண்ணாச்சி மூலையில் நின்றிருந்தார். எந்த ராத்திரியில் எவன் மேல் ஏற்றினோம் என்று தெரியாமல் அந்த மனுஷன் கணக்கற்ற ரோடுகளை மனசுக்குள் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து அக்காவுக்குப் பேச்சு வந்தது. "கருப்பு போச்சாக்கா?" என்று கேலி செய்தேன். "இன்னும் ரெண்டு நிமிசம் விட்டுருந்தா கருப்பு அங்கேயே இருந்துருக்கும், நான் போயிருப்பேன்" என்று சிரித்தாள். சிரித்தால் இழுக்கும், அதனால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஆனால் எனக்கு ஒன்று உறைத்தது. வாழ்க்கையிலேயே ஒரே ஒருதடவை அவள் புருஷனிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் அதை ஆவி சொன்னதாக எடுத்துக்கொண்டார். அதன்பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் லாரி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முன்னால் கருப்புக் கயிறு கட்டி, அண்ணாச்சி வண்டிக்குக் கழிப்புக் கழித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த லாக்டவுன் வந்தது.

அந்த நாட்களைப் பற்றி எல்லாரும் பேசி அலுத்துவிட்டார்கள், எனக்கும் அலுப்புத்தான். மண்டபத்தில் கல்யாணம் இல்லை, எனக்குச் சம்பளம் இல்லை. கட்டடத்தில் மூன்று பேர் போனார்கள், மூன்று பேர் முகத்தையும் நாங்கள் கடைசியாகப் பார்க்கவில்லை. ரோட்டில் ஆம்புலன்ஸ் தவிர ஒன்றும் ஓடவில்லை. மோனோரயில் நின்றுவிட்டது. அண்ணாச்சியின் லாரி தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே கிடந்தது. அடியில் தெருநாய் ஒன்று குட்டி போட்டது.

அக்கா மட்டும் தினமும் துடைத்தாள். முதல் வாரம் சாம்பல். அடுத்த வாரம் லேசான மங்கல். ஒருநாள் காலையில் என் கதவைத் தட்டினாள். முகத்தில் துணி கட்டியிருந்தாள், கண் மட்டும் தெரிந்தது. கையிலிருந்த துணியை விரித்துக் காட்டினாள். நான் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"தொடைச்சீங்களா இல்லியா?"

"ரெண்டு வாட்டி தொடைச்சேன்ட்டி."

கேலரிக்குப் போனோம். கடல்கழிக்கு அந்தப் பக்கம், சான்பாடாவுக்குப் பின்னால், மலை தெரிந்தது. எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறேன், அங்கே ஒரு மலை இருப்பதே எனக்குத் தெரியாது! மரம்கூடத் தெரிகிறது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். இறங்கி, வாசல் கேட்டு வரைக்கும் போய், திரும்ப மேலே ஏறி வந்தாள். நோட்டீஸ் பலகையில் நிற்கவில்லை. மீட்டர் பெட்டியில் நிற்கவில்லை. வந்ததும் கேலரியில் உட்கார்ந்து அழுதாள்.

"எதுக்குக்கா அழுதீங்க? நல்லதுதான?"

"ஊரே மூச்சுக்கு அலையுது. நான் மட்டும் நல்லா மூச்சு விடுதேன். இது அடுக்குமாட்டி? யார்கிட்டயும் சொல்லிராத."

அவள் சந்தோஷப்பட்டு நான் பார்த்த நாட்கள் அவைதான். அதையும் திருடின பொருளைப் போல ஒளித்து ஒளித்துத்தான் அனுபவித்தாள். ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால், நன்றாக இருந்த மூச்சையும் வேண்டுமென்றே இழுத்துக் காட்டுவாள். பாவம், நடிக்கவும் தெரியாது.

அண்ணாச்சியிடம்தான் அதை ஒளிக்க முடியவில்லை. ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"தாயி, அவ படுத்துத் தூங்குதா."

"நல்லதுதான அண்ணாச்சி?"

"சத்தமே வரல. கல்யாணமான நாள்லேருந்து அந்த விசில் சத்தம் கேட்டுக்கிட்டேதான் தூங்குதேன். இப்ப சத்தம் இல்லையா, நாலு வாட்டி எந்திரிச்சு மூக்குல கை வச்சுப் பாத்தேன். மூச்சு இருக்கு. எனக்குத்தான் தூக்கம் போச்சு." பிறகு மெதுவாகக் கேட்டார். "வண்டி நின்ன பிறகுதான் இவளுக்கு மூச்சு வந்துருக்கு. அப்படித்தான தாயி?"

இங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஒரு 'தெரியலையே' போதும். சவம், எனக்குத் தாங்கவில்லை. "ஆமா அண்ணாச்சி. கோடாங்கிகிட்ட அக்கா சொன்னது ஆவிய இல்ல. உங்க வண்டியத்தான் சொன்னாங்க" என்று கொட்டிவிட்டேன். துணி, திட்டு, சோப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இறங்கிப் போய், தார்ப்பாய் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஊரைத் திறந்துவிட்டார்கள். லாரி ரோட்டில் ஹாரன் சத்தம் திரும்பியபோது எங்கள் கட்டடத்தில் கைதட்டினார்கள். தட்டாமல் என்ன செய்வார்கள், எல்லார் வயிறும் அந்த ரோட்டை நம்பித்தான். அண்ணாச்சி மட்டும் வண்டியை எடுக்கவில்லை. பேட்டரி டவுன் என்றார். அடுத்த வாரம் டயர் சரியில்லை என்றார். பிறகு, வயசாகிவிட்டது, விக்ரோலியில் ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை இருக்கிறது, போகலாமா என்று யோசிக்கிறேன் என்றார். பகலெல்லாம் கேலரியில் உட்கார்ந்து, மடியில் கிடக்கும் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு இரண்டு நாளில் விஷயம் விளங்கிவிட்டது. என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"நீதான சொன்ன?"

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உன் வாய்ல வசம்ப வச்சுத் தேய்க்க! அந்த மனுசன் வாட்ச்மேன் ஸ்டூல்ல உக்காந்து சாகணுமா? நான் உன்கிட்ட என்னட்டி கேட்டேன்? வாய மூடிட்டு இருன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டேன்."

நாள் கணக்கில் என்னோடு பேசவில்லை. அவர்கள் வீட்டுச் சண்டைதான் கேட்டது. "ரோட்ல ஓடுத லாரியெல்லாம் நின்னுட்டா? நம்ம ஒண்ண நிறுத்திட்டா காத்து வெளுத்துருமா?" என்று அக்கா. "நம்ம வண்டிதான் நம்ம ஜன்னலுக்குக் கீழ நிக்கி" என்று அண்ணாச்சி. அக்காவின் குரலில் பாதி இழுப்பு, பாதிக் கோபம். இழுப்பு திரும்பி வந்துவிட்டிருந்தது, சான்பாடா மலையும் மறைந்துவிட்டிருந்தது. அவர் காதில் விழாமல் இழுக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு நிபந்தனையில் முடிந்தது. அண்ணாச்சி சொன்னார், "ஏளா, அந்தத் துணிய தினமும் எனக்குக் காட்டணும். என்னைக்குக் கருப்பா இருக்கோ அன்னைக்கு வண்டிய வித்துருவேன். சம்மதமா?"

"சம்மதம்."

ஒரு வெள்ளிக்கிழமை காலை. அக்காவே இறங்கி வந்தாள். நாய்க்குட்டிகளை விரட்டிவிட்டு, ஆறு டயருக்கும் எலுமிச்சம்பழத்தைத் தன் கையால் வைத்தாள். சூடம் கொளுத்தி வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினாள். அண்ணாச்சி சாவியைத் திருகினார். இத்தனை நாள் கிடந்த வண்டி, இருமி இருமி, ஒரு பெரிய கரும்புகையைக் கக்கிவிட்டுத்தான் உயிர் பெற்றது. அக்கா நகரவில்லை. முந்தானையைக்கூட மூக்குக்குக் கொண்டுபோகவில்லை. அந்தப் புகைக்குள் நின்று, "காத்து ஏறட்டும், அவசரப்படாதீங்க" என்று சிரித்தாள்.

பிறகு மேலே வந்து திட்டைத் துடைத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். துணி கன்னங்கரேலென்று வந்தது. அதை என் கையில் திணித்தாள். இடுப்பிலிருந்து இன்னொரு துணியை எடுத்தாள். சலவை மணம்கூடப் போகாத வெள்ளை. கம்பிக்கு வெளியே கையை நீட்டி, ரயில் கார்டு கொடி காட்டுகிற மாதிரி ஆட்டினாள். கீழே அண்ணாச்சி தலையை வெளியே நீட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு வண்டியை நகர்த்தினார்.

"போயிட்டு வாங்க!" என்று கத்தினாள் அக்கா. அந்த ஒரு கத்தலுக்கு அவளுக்கு இரண்டு தடவை பம்பு அடிக்க வேண்டியிருந்தது. அடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நாளெண்ணிப் பார்த்தால் பதினெட்டு நாள் கழித்து என்னோடு பேசின முதல் பேச்சு இது: "இத நீ ஒளிச்சு வையி. நீ செஞ்சதுக்கு இதாவது செய்யி."

செய்தேன். அதன்பிறகு தினமும் ஒரு கருப்புத் துணி என் கைக்கு வந்தது. துவைத்தால் திரும்ப வெள்ளையாகாது. மாட்டுங்கா ஜவுளிக்கடைப் பை ஒன்றில் போட்டு பரணில் வைத்தேன். காட்டுகிற துணிக்கு மட்டும் தினமும் புது வெள்ளை. கொடி காட்டிய துணியிலேயே அடுத்த நாள் துடைத்துவிடுவாள், சிக்கனக்காரி. இழுப்பு கூடிக்கொண்டே போனது. "போதும்க்கா, சொல்லிருவோம்" என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன். அவள் என்னைப் பார்க்கிற பார்வையிலேயே என் வாய் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு குளிர்காலம் தாங்கினாள். எங்கு பார்த்தாலும் இடிக்கிறான், கட்டுகிறான், தோண்டுகிறான். ஊர் நின்ற நாட்களுக்கும் சேர்த்துவைத்துப் புகை விட்ட மாதிரி இருந்தது. மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம், நோட்டீஸ் பலகைக்கு எதிரே படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. தூக்கிக்கொண்டு போனோம். நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கொரோனாவா, கொரோனாவா என்று எல்லாரும் அதையேதான் கேட்டார்கள். இல்லை என்று சொன்னதும் அப்புறம் ஒருவருக்கும் கேட்க ஒன்றும் இல்லை.

எனக்குக் கோபம் ஆறவில்லை. அவள் மேல் கோபம், அவர் மேல் கோபம், இந்த ரோட்டின் மேல் கோபம். ரோட்டோடு யார் சண்டை போடுவது? எனக்குப் பேசக்கூட அலுப்பாக இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணாச்சி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தாயி, பழைய வேட்டியெல்லாம் போகட்டும், ஊர்க் கோயில் கொடைக்குக் கட்டுத எட்டு முழம் வேட்டி மூணு வச்சுருந்தேன். நேத்து பெட்டியத் திறந்தா ஒண்ணுகூட இல்ல." என் முகத்தைப் பார்த்தார். "தினம் தினம் ஒரு வெள்ளைத் துணி எங்கேருந்து வரும்னு நான் யோசிக்கவே இல்லன்னா நினைச்சீங்க? தொடைச்ச துணியெல்லாம் உங்ககிட்டதான இருக்கு?"

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து பையை எடுத்துக் கொடுத்தேன். கேலரித் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு துணியாக எடுத்து மடியில் விரித்தார். கீழே அவருடைய லாரி நின்றது. அவள் போனதிலிருந்து எடுக்கவில்லை. ரோட்டில் மற்ற லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அவளுக்குப் பாத்ததும் தெரியும்னு சொன்னீங்கள்ள? உங்களுக்கும் சொல்லிக் குடுத்துருக்காளாமே." மடியிலிருந்ததைக் காட்டினார். "இதுல நம்ம வண்டி எது தாயி?"

நான் குனிந்து பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அத்தனையும் பிசுபிசுவென்று, மடித்தால் ஒட்டிக்கொள்கிற கருப்பு. நீளமான வாய்க்காரி நான், உண்மையைக் கொட்டி ஒரு குடும்பத்தைப் புரட்டிப் போட்டவள். அக்கா அடித்தொண்டையில், "ஏட்டி" என்று கூப்பிடுவது போலக் கேட்டது.

"எல்லாம் குப்பை எரிச்ச சாம்பல் அண்ணாச்சி. நம்ம வண்டி இதுல இல்ல."

அண்ணாச்சி ஒரு துணியை எடுத்து இரண்டு விரலால் உரசினார். ஆயுசு முழுக்க டீசலில் ஊறின விரல். மறுபடியும் உரசினார்.

"ஆமா தாயி," என்றார். "சாம்பல்தான்."

எழுந்து கேலரிக் குழாயில் கையைக் கழுவப் போனார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் உள்ளே போய், சோப்பை எடுத்து வந்து, அவர் கையில் கொடுத்தேன்.